கொக்கிக்காகக் கட்டிய கோயில்

'அன்சார்ட்டட்' வரிசையில் 2017 ஆகஸ்டில் வந்த 'தி லாஸ்ட் லெகசி' இந்தியாவில் நடக்கிற கதை. அதனாலேயே நம்மாட்கள் அந்த கேமைப் பற்றிப் பேசும்போது பேச்சு எப்போதும் ஒரே பக்கம் போய்விடும். உச்சரிப்பு சரியா, சாமிக் கதையைச் சரியா சொல்லியிருக்காங்களா, ஆட்டோ நம்ம ஆட்டோ மாதிரி இருக்கா. இதெல்லாம் பேச வேண்டியதுதான். ஆனால் எனக்கு அந்த கேமில் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருப்பது வேறு ஒன்று: க்ளோயி ஃப்ரேசரின் இடுப்பில் தொங்குகிற கொக்கிக் கயிறு. ஒரு பொத்தான், ஒரு கயிறு, முனையில் ஒரு இரும்புக் கொக்கி. அந்த கேமில் வருகிற ஹொய்சாளக் கோயில்களை எல்லாம் கட்டியது ஹொய்சாளர்கள் இல்லை, இந்தக் கொக்கிதான் என்பது என் வாதம். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. அன்சார்ட்டட் என்பது நாட்டி டாக் என்ற அமெரிக்க நிறுவனம் செய்த புதையல் வேட்டை கேம் வரிசை. 2007, 2009, 2011 என்று மூன்று பாகங்கள். அந்த மூன்றிலும் நாயகன் நேதன் டிரேக் கையால்தான் ஏறுவான். சுவரில் விளிம்பு தெரியும், தாவிப் பிடிப்பான், நகர்வான், மறுபடி தாவுவான். 2016-ல் வந்த நான்காம் பாகத்தில்தான் கொக்கிக் கயிறு வந்தது. அடுத்த வருடமே வந்த லாஸ்ட் லெகசியில் டிரேக் கிடையாது. அவனுடைய பழைய கூட்டாளி க்ளோயியும், நான்காம் பாகத்தில் எதிரியாக வந்த நடீன் ராஸும் நாயகிகள். தேடுவது பிள்ளையாரின் உடைந்த தந்தம். இடம் மேற்குத் தொடர்ச்சி மலை. கயிறு அப்படியே க்ளோயி கைக்கு வந்துவிட்டது.

வேலை செய்கிற விதம் எளிது. மாட்டக்கூடிய இடத்துக்கு அருகே போனால் திரையில் ஒரு சின்ன அடையாளம் வரும். எல்1 அழுத்தினால் கயிறு சீறிக்கொண்டு போய் உத்திரத்தையோ மரக்கிளையையோ சுற்றிக்கொள்ளும். குதித்தால் ஊஞ்சல். ஊஞ்சலின் எந்தக் கட்டத்தில் கையை விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்து எவ்வளவு தூரம் பறப்பீர்கள் என்பது. கயிற்றில் ஏறலாம், இறங்கலாம், சுவரில் காலை ஊன்றிப் பக்கவாட்டில் ஓடலாம். சண்டையின் நடுவே ஆடி வந்து எதிரியின் மேல் குதித்து ஒரு குத்தும் விடலாம்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஊஞ்சலுக்கு எடை இருக்கிறது. பல கேம்களில் கயிற்றில் ஆடுவது பஞ்சு மூட்டை ஆடுகிற மாதிரி இருக்கும். இதில் கீழே வரும்போது வேகம் கூடி, மேலே போகும்போது ஒரு நொடி எல்லாம் நின்று, வயிற்றுக்குள் ஏதோ ஒன்று புரளும். ஆடும்போது திரும்பிப் பார்த்தால் கீழே அருவி, பின்னால் நடீன். இரண்டு பெண்களும் ஒருவர் பின் ஒருவராக ஒரே உத்திரத்தில் ஆடிக் கடந்து, எதிர்ப்பக்கம் வந்து மூச்சு வாங்கிக்கொண்டே பேசுவதில் ஒரு நட்பு வளர்கிறது. வசனம் பாதி வேலை செய்தால் கயிறு மீதி வேலையைச் செய்கிறது. இவ்வளவு நன்றாகச் செய்ததால்தான் இதைப் பற்றிக் குறை சொல்லவும் தோன்றுகிறது.

குறை இதுதான்: அந்தக் கொக்கி ஒருமுறைகூடத் தவறுவதில்லை.

நம்மிடம் இதே கருவி உண்டு. கிணறு இருந்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு உடனே தெரிந்திருக்கும். பாதாளக்கரண்டி. சில ஊர்களில் பாதாளச் சங்கிலி, பாதாளக் கொலுசு என்றும் சொல்வார்கள். இரும்பு வளையத்தில் கொத்தாகக் கொக்கிகள். தண்ணீர் சேந்தும்போது கயிறு அறுந்து வாளியோ குடமோ கிணற்றுக்குள் போய்விட்டால், இதைக் கயிற்றில் கட்டி உள்ளே இறக்கித் துழாவுவார்கள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கயிறு வழியாகக் கைக்கு வருகிற சேதிதான் எல்லாம். சேறு என்றால் ஒரு மாதிரி, கல் என்றால் ஒரு மாதிரி, வாளியின் பிடி என்றால் கயிறு சட்டென்று கனக்கும். மாட்டியது போலிருக்கும், பாதி தூரம் வந்து நழுவிவிடும். தெருவில் ஒருத்தர் வீட்டில்தான் இது இருக்கும். இரவல் கேட்டால், ஒரு சொம்போ அண்டாவோ கொடுத்துவிட்டுத்தான் வாங்கிப் போக வேண்டும் என்று ஒரு வழக்கம். கரண்டி திரும்பி வந்தால் பாத்திரம் திரும்பிப் போகும். காணாமல் போனதை எடுக்கிற கருவி, அதுவே காணாமல் போய்விடக் கூடாது இல்லையா.

கேம் உலகில் பாதாளக்கரண்டிக்கு மிக நெருங்கி வருவது அன்சார்ட்டட்டின் கொக்கி இல்லை, நிண்டெண்டோவின் 'ஸெல்டா' வரிசையில் இருப்பது. 1991-ல் வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' தொடங்கி பல பாகங்களில் அந்த நாயகன் லிங்க்கிடம் சங்கிலிக் கொக்கி ஒன்று இருக்கும். 1998-ல் வந்த 'ஆக்கரினா ஆஃப் டைம்' பாகத்தில் அதற்கு ஒரு சுபாவம் கொடுத்தார்கள்: மரத்தில் பதியும், கல்லில் பட்டால் 'டிங்' என்று தெறித்துத் திரும்பிவிடும். இவ்வளவுதான் விதி. ஆனால் அந்த விதி கைக்கு வந்ததும், ஓர் அறைக்குள் நுழைந்தால் எது மரம், எது கல் என்று கண் தானாகத் தேட ஆரம்பிக்கும். 2002-ல் ஜப்பானில் வெளியான 'தி விண்ட் வேக்கர்' ஒருபடி மேலே போனது. அதில் தரையில் இருக்கும்போது கொக்கியை உத்திரத்தில் மாட்டி ஆடலாம். படகில் போகும்போது அதே கொக்கியைக் கடலுக்குள் இறக்கி, அடியில் கிடக்கும் பெட்டியை மேலே தூக்கலாம். அசல் பாதாளக்கரண்டி! படகைச் சரியான இடத்தில் நிறுத்தாவிட்டால் வெறும் கொக்கி மேலே வரும்.

பீங்கான் ஊர்க்காரன் என்பதால் எனக்குப் பொருளின் மேல் ஒரு கண் உண்டு. விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தருகிற அரசு நிறுவனமும் இருக்கிறது. பக்கத்தில் நெய்வேலி, அங்கே பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடைக்கிற வெள்ளைக் களிமண். மின்சார ஃப்யூஸ் பிடி, இன்சுலேட்டர், ஜாடி, கொலு பொம்மை என்று இங்கே வளர்ந்தவன் கண்ணில் எப்போதும் ஏதாவது பட்டுக்கொண்டே இருக்கும். களிமண் ஈரமாக இருக்கும்போது என்ன சொன்னாலும் கேட்கும். சூளைக்குப் போய் வந்துவிட்டால் எதுவும் கேட்காது, உடையத்தான் செய்யும். எந்தப் பொருளுக்கும் இப்படி ஒரு குணம் இருக்கிறது. ஸெல்டா கொக்கி அந்தக் குணத்தை விசாரிக்கிறது. க்ளோயியின் கொக்கி விசாரிப்பதில்லை. அடையாளம் வந்தால் மாட்டும், வராவிட்டால் எறியவே எறியாது. எந்த உத்திரம் உளுத்தது, எந்தக் கல் பிளந்தது என்று பார்க்க வேண்டியதில்லை. கதைக்காக அறுந்துவிழ வேண்டிய இடத்தில் அறுந்துவிழும், அது ஏற்கெனவே எழுதி வைத்தது. மற்றபடி அந்த உலகின் பிடிமானங்கள் எல்லாம் பிளாஸ்டர் அச்சில் ஊற்றி எடுத்த பொம்மை மாதிரி ஒரே அளவு.

இங்கேதான் கோயிலுக்கு வருகிறோம்.

கொக்கிக் கயிறு என்ற கருவிக்கு இரண்டு தேவை. ஒன்று உயரம், இன்னொன்று இடைவெளி. தரை சமமாக இருந்தால் கயிற்றுக்கு வேலை இல்லை. அதனால் கேம் செய்கிறவர்கள் கருவியை முடிவு செய்த உடனேயே, ஊரின் வடிவமும் பாதி முடிவாகிவிடுகிறது. பள்ளத்தாக்கு வேண்டும், பாதியில் இடிந்த பாலம் வேண்டும், நீட்டிக்கொண்டிருக்கும் உத்திரம் வேண்டும். லாஸ்ட் லெகசியில் அப்படியே இருக்கிறது. ஹளேபீடு, பேலூர் என்ற பெயர்கள் வருகின்றன. ஆனால் திரையில் தெரிவது அருவிகளுக்குப் பின்னால் செங்குத்தாக எழும் நகரம், பல மாடி உயரச் சிலைகள், பாதாளம் வரை இறங்கும் மண்டபங்கள். நான்காம் அத்தியாயத்தில் ஜீப்பில் திரிகிற அந்தப் பெரிய திறந்தவெளியில், திரிசூலம், வில், மழு என்று மூன்று சின்னங்கள் கொண்ட மூன்று இடங்களுக்குப் போக வேண்டும். மூன்றிலும் கயிறு இல்லாமல் கதை நகராது.

உண்மையான ஹொய்சாளக் கோயில் இதற்கு நேர் எதிர். அது உயரத்தை விரும்பாத கட்டடக் கலை. பேலூர் சென்னகேசவர் கோயில் விஷ்ணுவர்தனன் காலத்தில் 1117-ல் எழுந்தது. நட்சத்திர வடிவ மேடை, அதன் மேல் கோயில், மேடையிலேயே சுற்றி வர அகலமான இடம். ஹளேபீட்டில் ஹொய்சளேஸ்வரர் கோயிலும் அப்படித்தான். கோபுரமே இல்லாமல் கிடையாகப் படுத்திருக்கும். சுவரின் அடியில் யானை வரிசை, அதற்கு மேல் சிங்கம், கொடி, குதிரை, அதற்கு மேல் இராமாயணம் பாரதம் என்று அடுக்கடுக்காகப் போகும். நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: மெதுவாக நடப்பது. கதை உங்கள் வலது தோளுக்குப் பக்கத்தில், கண் மட்டத்தில் ஓடிக்கொண்டே வரும். நடக்கிற வேகத்துக்கு ஏற்ற மாதிரி செதுக்கிய கோயில் அது. அதற்கான கல்லும் அப்படி. மாக்கல் வகை, வெட்டி எடுக்கும்போது மென்மையாக இருப்பதால்தான் நகை மணி ஒவ்வொன்றையும் செதுக்க முடிந்தது. பேலூரில் கொடுங்கைக்குக் கீழே சாய்ந்து நிற்கிற மதனிகைச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த மெல்லிய கல் விரல்களில் ஓர் இரும்புக் கொக்கி மாட்டி அறுபது கிலோ எடை ஆடினால் என்ன ஆகும்?

2023-ல் பேலூர், ஹளேபீடு, சோமநாதபுரம் மூன்றையும் சேர்த்து யுனெஸ்கோ பட்டியலில் ஏற்றினார்கள். பேலூருக்கும் ஹளேபீட்டுக்கும் நடுவே டவுன் பஸ் ஓடுகிறது. காட்டுக்குள் மறைந்த நகரம் எல்லாம் கேமில்தான்.

கேம் ஒன்றும் வரலாற்றுப் பாடம் இல்லை, கற்பனைக்கு இடம் வேண்டும் என்பீர்கள். சரிதான். அளவைப் பெரிதாக்கியதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் சுற்றி வரச் சொல்கிற கோயிலைத் தாவச் சொல்கிற கோயிலாக மாற்றும்போது, சிற்பத்துக்கும் பார்க்கிறவருக்கும் இருந்த உறவே மாறிவிடுகிறது. விளையாடும்போது என்னையே கவனித்தேன். ஒரு மண்டபத்துக்குள் நுழைந்ததும் என் கண் முதலில் தேடியது எங்கே மாட்டலாம் என்றுதான். அவ்வளவு உழைத்துச் செய்த புடைப்புச் சிற்பங்கள், பரசுராமர் மழுவை வீசப் பிள்ளையார் தந்தம் உடைகிற கதையைச் சொல்லும் பெரிய சிலைகள், எல்லாமே வழி கண்டுபிடித்த பிறகு திரும்பிப் பார்க்கிற விஷயங்கள். இதே நிறுவனம் இதைப் புரிந்துகொண்ட இடமும் ஒன்று உண்டு. இடிபாட்டில் மாட்டிய யானையைக் காப்பாற்றி அதன் மேல் ஏறிப் போகிற பகுதி. அங்கே கயிறு கிடையாது, தாவல் கிடையாது. யானை நடக்கிற வேகம்தான் வேகம். கேம் முழுவதிலும் நான் சிலைகளை நிதானமாகப் பார்த்தது அந்தச் சில நிமிடங்கள்தான்.

விளையாடிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையன் கேட்டான்: "மாமா, சாமி மேல கால் வைக்கிறாங்களே, யாரும் திட்ட மாட்டாங்களா?" நல்ல கேள்வி. திட்டுவதற்கு அங்கே யாரும் இல்லை என்பதுதான் பதில். அன்சார்ட்டட் வரிசையில் கோயில்கள் எப்போதும் ஆளில்லாதவை. குருக்கள் இல்லை, பூக்கடை இல்லை, மண்டபத்தில் தூங்குகிற கிழவர் இல்லை. சண்டை போட வருகிற கூலிப்படைதான் உண்டு. ஊரே இல்லாத இடத்தில்தான் கொக்கி எறிவது சாகசமாகத் தெரியும். ஊர் இருந்தால் அதற்குப் பேர் வேறு.

நிஜத்தில் கோபுரத்தில் கயிறு கட்டி ஏறுபவர்கள் இருக்கிறார்கள். கும்பாபிஷேகத்துக்கு முன் சாரம் கட்டுபவர்கள். சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்து, அடுக்கு அடுக்காக ஏற்றிக்கொண்டே போவார்கள். அவர்கள் கால் வைப்பதற்கு முன் பாலாலயம் என்று ஒரு சடங்கு நடக்கும். சாமியின் சக்தியை வேறோர் இடத்துக்கு மாற்றி வைத்துவிட்டுத்தான் கட்டடத்தில் கை வைப்பார்கள். ஏறுவதற்கு அனுமதி கேட்கிற ஏற்பாடு அது. நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, ஒரு கட்டடத்தில் ஏறுவது என்பது யாரிடமோ கேட்டுச் செய்கிற காரியம் என்ற எண்ணம் அதில் இருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் மதுரைக் கோட்டை மதிலில் இருந்த பொறிகளின் பட்டியல் வரும். அதில் தூண்டில் ஒன்று. மதிலேறி வருகிறவர்களைக் கொக்கியால் மாட்டி இழுப்பதற்கு. கொக்கி சுவரின் கையில்! இந்த ஒரு மாற்றத்தை வைத்தே யாராவது ஒரு கேம் செய்யலாம். ஏறுகிறவனுக்கு உடும்பு, மதிலுக்குத் தூண்டில். (உடும்பு கதை தெரியும்தானே? 1670-ல் சிவாஜியின் தளபதி தானாஜி மாலுசரே கொண்டாணா கோட்டையைப் பிடித்தபோது உடும்பின் இடுப்பில் கயிறு கட்டி ஏற்றினார் என்று மராத்தியில் ஒரு மரபுக் கதை. உடும்புப்பிடி என்ற நம் வழக்குக்கு அந்தக் கதை தேவையே இல்லை, அது விட்டால்தானே.)

இதெல்லாம் ஒரு கேமைப் பற்றிய வெட்டி ஆராய்ச்சியாகத் தெரியலாம். விருத்தாசலத்துக்காரனுக்கு அப்படித் தெரியாததற்குக் காரணம் உண்டு.

எங்கள் ஊர் விருத்தகிரீஸ்வரர் கோயில் செம்பியன் மாதேவி 10-ஆம் நூற்றாண்டில் கற்றளியாக எடுப்பித்த கோயில்களில் ஒன்று. தினமும் பூஜை நடக்கிற, மாசி மகத்துக்கு ஊரே கூடுகிற கோயில். இந்தக் கோயிலின் சுவர் மாடத்தில் சோழர் காலத்து அர்த்தநாரீசுவரர் கற்சிலை ஒன்று இருந்தது. பாதி சிவன், பாதி உமை, பின்னால் காளை. 2004-ல் அது சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்தில் இருந்தது. நியூயார்க்கில் கடை வைத்திருந்த சுபாஷ் கபூரிடமிருந்து சுமார் 3 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார்கள்.

அதை எடுக்க யாரும் கொக்கி எறியவில்லை. அருவிக்குப் பின்னால் ரகசியக் கதவு திறக்கவில்லை. அந்தத் திருட்டின் முக்கியமான கருவி ஒரு காகிதம்: 1970-ல் டெல்லிக் கடை ஒன்றில் விற்றதாகச் சொல்லும் ஒரு ரசீது. ஏன் 1970 என்றால், இந்தியாவில் தொல்பொருள் சட்டம் வந்தது 1972-ல். அதற்கு முன்பே சிலை கைமாறிவிட்டது என்று காட்டினால் உலகத்தின் எந்த அருங்காட்சியகத்தின் கதவிலும் அது மாட்டிக்கொள்ளும். க்ளோயியின் கொக்கி போலவே, தவறாமல்.

அது கழன்றது இன்னொரு காகிதத்தால். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் பல பத்தாண்டுகளாகத் தமிழகக் கோயில்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய தொகுப்பில் இதே அர்த்தநாரி இதே விருத்தாசலம் மாடத்தில் நிற்கிற படம் இருந்தது. ஆண்டு 1974. 1970-லேயே டெல்லியில் விற்றுப்போன சிலை 1974-ல் எங்கள் ஊரில் எப்படி நிற்கும்? இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்து, உடைந்த இடம், தேய்ந்த இடம் என்று ஒப்பிட்டுக் காட்டியதில் சிலைகளின் மேல் ஆர்வம் கொண்ட வலைப்பதிவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்தபோது இந்த அர்த்தநாரியையும், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜரையும் திருப்பிக் கொடுத்தார். அந்த நடராஜரைக் கான்பெராவில் இருக்கிற ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியிருந்தது. ஸ்ரீபுரந்தான் கோயில் பூஜை நின்று பல காலம் பூட்டிக் கிடந்த கோயில். அன்சார்ட்டட் காட்டுகிற மாதிரியான ஆளில்லாக் கோயிலுக்கு நிஜத்தில் இதுதான் உதாரணம். அங்கேயும் உடைந்தது பூட்டுதான்.

இந்தப் படம் ஒப்பிட்ட கதையைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர்த் தலபுராணமே ஞாபகத்துக்கு வந்தது. சுந்தரர் இங்கே சிவனிடம் 12,000 பொன் பெற்று, அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது கதை. 'ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது' என்ற வழக்கை இதோடு சேர்த்துச் சொல்வார்கள். பலரும் விட்டுவிடுகிற ஒரு நுணுக்கம் அதில் இருக்கிறது: போடுவதற்கு முன் அந்தப் பொன்னிலிருந்து ஒரு துண்டை மச்சமாக வெட்டி எடுத்து வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன் அதே மாற்றுதானா என்று உரைத்துப் பார்க்க. திருவாரூரில் மாற்றுரைத்த பிள்ளையார் என்றே ஒருவர் இருக்கிறார். 1974 படம்தான் அர்த்தநாரியின் மச்சம்.

இப்போது மறுபடி கேமுக்கு. க்ளோயி ஃப்ரேசர் பாதி இந்தியர், பாதி ஆஸ்திரேலியர். அவளுடைய அப்பா இந்தியர், வாழ்நாளெல்லாம் அந்தத் தந்தத்தைத் தேடியவர். அபாட் சிலைகளைக் கொடுத்து மூன்று வருடம் கழித்து வந்த கேமில், ஆஸ்திரேலிய உச்சரிப்போடு ஒரு பெண் இந்தியக் கோயிலுக்குள் கொக்கி எறிந்து இறங்குகிறாள் என்பதை எழுதியவர்கள் எண்ணிச் செய்தார்களோ இல்லையோ, இங்கே உட்கார்ந்து பார்க்கிறவனால் எண்ணாமல் இருக்க முடியாது. முடிவில் க்ளோயி தந்தத்தை விற்கவில்லை. இந்தியக் கலாச்சார அமைச்சகத்திடம் கொடுத்துவிடப் போவதாகச் சொல்கிறாள். கூட வந்த சாம் டிரேக்குக்கு முகம் தொங்கிப்போகிறது. இந்த வரிசையில் இப்படி ஒரு முடிவு வந்ததே பெரிய விஷயம். 'எ தீஃப்ஸ் எண்ட்' என்று முந்தைய பாகத்துக்குப் பேரே வைத்தவர்கள்.

ஆனால் அந்த முடிவு வசனத்தில் மட்டும்தான் இருக்கிறது, கையில் இல்லை. பத்து மணி நேரமாக என் விரல் கற்றுக்கொண்டது எல்1. மாட்டு, ஆடு, தாவு, எடு. திருப்பிக் கொடுப்பதற்கு ஒரு பொத்தான் கிடையாது. அதைச் செய்வது எனக்குக் காட்டப்படுகிற ஒரு காட்சிகூட இல்லை, பேச்சுவாக்கில் வருகிற ஒரு வாக்கியம். கயிற்றுக்கு அவ்வளவு எடை கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு இதற்கும் எடை கொடுக்கத் தெரிந்திருக்கும். விண்ட் வேக்கரில் வாளியைத் தேடுகிற மாதிரி படகை நகர்த்தி நகர்த்திக் கொக்கி இறக்கியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அப்படி ஒரு தடுமாற்றம், ஒரு பழைய படத்தை வைத்து எந்த மாடத்தில் எது நின்றது என்று தேடி வைக்கிற ஓர் அத்தியாயம், ஏன் கேம் ஆகக் கூடாது? துப்பு, வரைபடம், புதிர், பூட்டு எல்லாமே அந்த வேலையில் ஏற்கெனவே இருக்கிறது. கொக்கிதான் இருக்காது.

2022-ல் இந்த கேம் பிளேஸ்டேஷன் 5-க்கும் கணினிக்கும் நான்காம் பாகத்தோடு சேர்ந்து மறுபடி வந்திருக்கிறது. கணினியில் விளையாடுகிறவர்கள் நான்காம் அத்தியாயத்தில் ஒரு காரியம் செய்து பாருங்கள்: மூன்று இடங்களில் ஏதாவது ஒன்றுக்குப் போய், கயிற்றைத் தொடாமல், ஜீப்பை விட்டு இறங்கி, சும்மா வெளிச்சுவரைச் சுற்றி நடந்து பாருங்கள். செதுக்கியவர்கள் எவ்வளவு வேலை செய்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரியும். விருத்தாசலம் பக்கம் வந்தால் கோயிலுக்கும் வாருங்கள். இங்கேயும் பாதாளத்தில் ஒரு பிள்ளையார் இருக்கிறார், ஆழத்துப் பிள்ளையார் என்று பேர். கயிறு வேண்டாம், படி இருக்கிறது.